கூடி மகிழ ஒரு வீடு

குடும்ப விழாக்களுக்கான விடுமுறை இல்லங்கள்: அமைப்பு, விளம்பரம், வரவு செலவு

தந்தைக்கு அறுபது வயது நிறைகிறது. மூத்த மகன் பெங்களூரில் இருக்கிறார், இளையவர் புனேயில், மகள் மஸ்கட்டில். மணிவிழாவைக் காலையில் கோயிலில் நடத்திவிடலாம். அதன் பிறகு இரண்டு நாள்களாவது பேரன் பேத்திகள், சித்தப்பா, அத்தை என இருபத்திரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது தாயின் விருப்பம். தங்கும் விடுதியில் அறை எடுத்தால் பதினொரு அறைகள் மூன்று தளங்களில் சிதறிக் கிடக்கும். இரவு உணவுக்குப் பின் எல்லாரும் உட்கார்ந்து பேச ஓர் இடம் இராது. திருமண மண்டபமோ இருபத்திரண்டு பேருக்கு மிகப் பெரிது.

இத்தகைய குடும்பங்களின் தேவையே இன்று ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலுள்ள லோனாவாலா, கடலோர அலிபாக், கோவா, குடகு, சிக்மகளூர், ஏற்காடு, சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகிய இடங்களில் முழு வீட்டையும் ஓரிரு நாள்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் பரவியிருக்கிறது. மணிவிழா, வளைகாப்பு, திருமண நாள், பழைய மாணவர் சந்திப்பு, அலுவலகக் குழுவின் ஒன்றுகூடல் என்று வருவோரின் காரணங்கள் பல.

சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டையோ, தோட்டத்தின் நடுவே கட்டிய வீட்டையோ இவ்வாறு பயன்படுத்தலாமே என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது. பணி ஓய்வின்போது கிடைத்த தொகையை இதில் போடத் துணிவோரும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் இறங்குவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

பழைய வீடுகள் சொல்லும் பாடம்

கூட்டுக் கொண்டாட்டத்துக்கென வீடு கட்டுவது நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். முகப்பில் தொடங்கி, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என நீண்டு, ஒரு தெருவில் நுழைந்தால் மறு தெருவில் வெளியேறும்படி அமைந்தவை அவை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் சிறியவை. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அதில் பெரும்பாலும் பொருள்கள்தாம் இருக்கும். திருமணமும் சாந்தியும் நடப்பது வளவில். விருந்தினர் அமர்வதும் படுப்பதும் திண்ணைகளிலும் கூடங்களிலும். வீட்டின் பரப்பில் பெரும்பங்கு எல்லாருக்கும் பொதுவானது. 2014ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றுள்ளன. அவ்வீடுகளில் சில இன்று தங்கும் விடுதிகளாக இயங்கி வருகின்றன.

குடகில் ஒவ்வொரு குலத்துக்கும் 'ஐன்மனெ' என்னும் மூத்த வீடு உண்டு. உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்தாலும், புத்தரி எனப்படும் அறுவடைத் திருநாளில் அங்கே கூடுவார்கள். கேரளத்து நாலுகெட்டு வீட்டின் நடுமுற்றமும் இத்தகையதே.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் அறைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், எத்தனை பேர் சேர்ந்து அமர முடியும் என்பதற்கே முதலிடம் தந்தார்கள். இன்று விடுமுறை இல்லம் அமைப்போர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கூடத்தைத் தடுத்து இரண்டு அறைகளாக்கி, 'எட்டு அறைகள்' என்று விளம்பரம் செய்கிறார்கள். எட்டு அறைகளில் தங்கிய இருபது பேருக்கும் உண்ண ஆறு பேர் அமரும் மேசைதான் இருக்கும். அந்தக் குழு மறுமுறை அங்கே வருவதில்லை.

இருபது பேருக்கான வீடு

அறைகளைத் திட்டமிடும் முன் கூடத்தைத் திட்டமிடுங்கள். வீட்டில் தங்கக்கூடிய அனைவரும் ஒரே நேரத்தில் அமரும்படி ஒரு கூடமோ முற்றமோ வேண்டும். அங்கே கனமான சோபாக்களைவிட எளிதில் நகர்த்தக்கூடிய இருக்கைகளும் பாய்களும் பயன் தரும். காலையில் ஹோமம், நண்பகலில் பந்தி, மாலையில் பாட்டுக் கச்சேரி என அதே இடம் மூன்று வேடம் புனைய வேண்டியிருக்கும். புகை வெளியேற வழியுள்ள ஒரு முற்றம் இருந்தால், சடங்குகள் செய்யும் குடும்பங்கள் அதையே காரணமாகக் கொண்டு வீட்டைத் தேர்ந்தெடுப்பார்கள்.

தரைத்தளத்தில் முதியோருக்கென ஓர் அறையேனும் இருக்கட்டும். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, மேற்கத்தியக் கழிப்பறை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. மணிவிழாவுக்கோ சதாபிஷேகத்துக்கோ வீடு தேடுவோர் முதலில் கேட்பது இவற்றைத்தான். விழா நாளின் காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளித்துத் தயாராக வேண்டும் என்பதால், நான்கு பேருக்கு ஒரு குளியலறை என்ற விகிதத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாதவற்றில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடுவது வழக்கம். இருபது பேருக்கு 2,700 லிட்டர். சமையலும் பாத்திரம் கழுவுதலும் மிகுந்த விழா நாளில் அதற்கும் மேல். ஐந்து பேர் குடும்பத்துக்காக வைத்த ஆயிரம் லிட்டர் தொட்டி நண்பகலுக்குள் வறண்டுவிடும். கழிவுநீர்த் தொட்டியும் அப்படியே. சிறு குடும்பத்துக்கென அமைத்த தொட்டி, தொடர்ந்து சில வார இறுதிகளுக்கு இருபது பேரைத் தாங்காது. வண்ணப் பூச்சுக்கும் தொங்கு விளக்குக்கும் செலவிடும் முன் இவ்விரண்டையும் சரிசெய்யுங்கள். மின்தடைக்கு மாற்று ஏற்பாடு, வண்டிகள் நிறுத்த இடம், ஓட்டுநர்கள் இளைப்பாறக் குளியலறையுடன் ஓர் அறை ஆகியவையும் வேண்டும்.

நீச்சல் குளம் வாடிக்கையாளரை ஈர்க்கும்; ஆபத்தையும் உடன் அழைத்து வரும். குளத்தைச் சுற்றித் தடுப்பும், ஆழத்தைக் குறிக்கும் பலகையும், இரவில் பூட்டக்கூடிய கதவும் இல்லையெனில் குளமே வேண்டாம். பெரியவர்கள் விழா வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் குழந்தைகளைக் கவனிக்க ஆள் இருப்பதில்லை என்பதை மனத்தில் கொண்டு, மாடிக் கைப்பிடிச் சுவர் முதல் கிணற்று மூடி வரை ஒவ்வொன்றையும் பார்த்துவிடுங்கள்.

யாருக்கான வீடு?

எல்லாருக்கும் ஏற்ற வீடு என்று விளம்பரம் செய்தால் அது எவர் கண்ணிலும் தங்காது. உங்கள் வீடு எந்தக் கொண்டாட்டத்துக்குப் பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கோயில் நகரத்துக்கு அருகில் இருந்தால் மணிவிழாக் குடும்பங்கள். மலையடிவாரத் தோட்டமாக இருந்தால் பழைய மாணவர்கள். பெருநகரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்தால் அலுவலகக் குழுக்கள். அந்தத் தேர்வே சமையலறையின் அளவு முதல் வாடகை வரை பலவற்றையும் தீர்மானித்துவிடும்.

ஒளிப்படங்களில் கட்டில்களை மட்டும் அடுக்காதீர்கள். பந்தி போட்ட முற்றம், இருபது பேர் அமர்ந்த கூடம், கோலமிட்ட வாசல் ஆகியவற்றைப் பார்க்கும்போதுதான் தம் குடும்பம் அங்கே இருப்பதைப் பார்ப்பவர் எண்ணிப் பார்க்க முடியும். விருந்தினரின் படங்களை வெளியிடும் முன் அவர்களின் ஒப்புதலைப் பெறுவது கடமை.

குறைகளையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கடைசி அரை கிலோமீட்டர் மண்சாலை என்றால் அதைச் சொல்லுங்கள். கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் என்றால் அதையும் சொல்லுங்கள். தெரிந்து வந்தவர் மண்சாலையைப் பொறுத்துக்கொள்வார். தெரியாமல் வந்தவர் அதையே தம் மதிப்புரையின் முதல் வரியாக்குவார்.

தங்குவோர் எத்தனை பேர், விழாவுக்கு மட்டும் வந்து செல்வோர் எத்தனை பேர் என்று இரண்டு எண்களைத் தனித்தனியே கேட்டுப் பெறுங்கள். பெரும்பாலான தகராறுகள் 'பதினைந்து பேர்' என்று பதிவு செய்து நாற்பது பேர் வந்து நிற்பதில்தான் தொடங்குகின்றன. முன்பணம், ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை, சேதத்துக்கான வைப்புத்தொகை, இசை நிறுத்த வேண்டிய நேரம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில், எளிய மொழியில் எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையவழி முன்பதிவுத் தளங்கள் தொடக்கத்தில் பெரிதும் உதவும். ஆயினும் அவற்றின் விதிகளைப் படித்துவிடுவது அவசியம். எடுத்துக்காட்டாக, ஏர்பிஎன்பி நிறுவனம் 2020ஆம் ஆண்டில் தன் தளத்திலுள்ள வீடுகளில் கேளிக்கை விருந்துகளுக்குத் தடை விதித்தது. அயலாருக்குத் தொல்லை தரும் விருந்துகளுக்கான அத்தடையை 2022இல் நிரந்தரமாக்கியது. ஆகவே அத்தளத்தில் 'பார்ட்டி ஹவுஸ்' என்று விளம்பரம் செய்வது பதிவையே இழக்கச் செய்யலாம்.

நிலைத்த விளம்பரம் ஊருக்குள் இருக்கிறது. புரோகிதர், சமையல் கலைஞர், நாதஸ்வரக் குழுவினர், பூக்கட்டுவோர், ஒளிப்படக் கலைஞர் ஆகியோரின் பட்டியலை ஆயத்தமாக வைத்திருங்கள். அவர்களுக்கு நீங்கள் வேலை தருவீர்கள். அவர்கள் உங்களுக்கு விருந்தினரை அனுப்புவார்கள். ஆடி மாதத்தில் மணவிழாக்கள் குறையும் என்பதால், அம்மாதத்தை மாணவர் சந்திப்புகளுக்கும் அலுவலகக் குழுக்களுக்கும் ஒதுக்கலாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பருவம் உண்டு. லோனாவாலாவில் மழைக்காலமே கூட்டம் மிகுந்த காலம்; அதே மழை குடகின் மலைப்பாதைகளில் பயணத்தை முடக்கிவிடும்.

விதிகளும் அண்டை வீட்டாரும்

வீட்டை வாடகைக்கு விடும் முறையும் பதிவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கோவாவில் 1982ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே அங்கீகாரத் திட்டம் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடும் வீடுகளுக்கானது. உரிமையாளர் குடும்பத்துடன் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. உரிமையாளர் வேறு ஊரில் இருந்துகொண்டு முழு வீட்டையும் விடுவது அத்திட்டத்துக்குள் வராது. உங்கள் மாநிலச் சுற்றுலாத் துறையையும் உள்ளாட்சி அலுவலகத்தையும் தொடக்கத்திலேயே அணுகுங்கள். குடியிருப்புக்கான மின்கட்டணமும் சொத்து வரியும் வணிகப் பயன்பாட்டுக்கு மாறக்கூடும் என்பதையும் கேட்டறியுங்கள்.

வெளிநாட்டவர் எவரேனும் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தின் வழியே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினரும் விழாவுக்கு வரக்கூடும் என்பதால், பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை உள்ளது. ஐந்து வண்டிகளில் வரும் குடும்பத்தில் ஒரு வண்டி சோதனைச் சாவடியில் நின்றுவிட்டால் விழாவே தடுமாறும். இதனை நினைவூட்டும் ஒரு குறுஞ்செய்தி உங்கள் பொறுப்பில் சேரட்டும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் ஒலியின் அளவு பகலில் 55 டெசிபலையும் இரவில் 45 டெசிபலையும் தாண்டக் கூடாது. சட்டத்துக்கு முன்பாகவே இதை உணர்த்துவோர் அண்டை வீட்டார்தாம். அவர்கள் ஒருமுறை மனம் கசந்தால் அதன்பின் ஒவ்வொரு விழாவும் புகாரில்தான் முடியும். தொழிலைத் தொடங்கும் முன் அவர்களைச் சந்தித்து, வீட்டுப் பொறுப்பாளரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். காய்கறியும் பாலும் அவர்களிடமே வாங்க முடிந்தால் உறவு இன்னும் வலுப்பெறும்.

காலி நாள்களின் கணக்கு

இனி வரவு செலவு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆறு அறைகள் கொண்ட வீடு. வெள்ளி, சனி இரவுகளுக்கு வாடகை 24,000 ரூபாய். மற்ற இரவுகளுக்கு 12,000 ரூபாய். இவை விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆண்டில் வெள்ளி, சனி இரவுகள் 104. அவற்றில் பாதி நிரம்பினால் 52 இரவுகளுக்கு 12,48,000 ரூபாய். வார நாள்களில் 26 இரவுகள் மட்டும் நிரம்பினால் 3,12,000 ரூபாய். ஆக மொத்த வரவு 15,60,000 ரூபாய். இந்த எண்ணோடு கணக்கை நிறுத்திக்கொள்வதில்தான் ஆபத்து.

காவலர், பராமரிப்பாளர் என இருவருக்கு மாதம் 15,000 வீதம் ஆண்டுக்கு 3,60,000. மின்சாரம், தண்ணீர், எரிவாயு 2,40,000. சலவைக்கும் துப்புரவுக்கும் இரவொன்றுக்கு 2,500 வீதம் 78 இரவுகளுக்கு 1,95,000. முன்பதிவுத் தளங்களுக்கான கட்டணம் 15 விழுக்காடு எனக் கொண்டால் 2,34,000. பழுது, வண்ணப் பூச்சு, காப்பீடு, சொத்து வரி 2,00,000. மொத்தச் செலவு 12,29,000 ரூபாய். கையில் நிற்பது 3,31,000 ரூபாய்.

வீட்டைப் புதுப்பிக்க 20 லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருந்தால்? ஆண்டுக்கு 10.5 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுகள் எனில் மாதத் தவணை ஏறத்தாழ 33,700 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 4,05,000. வரவு பதினைந்தரை லட்சத்தைத் தாண்டிய வீடு, தவணையைக் கட்ட 74,000 ரூபாய் குறைவாக நிற்கிறது. ஓய்வூதியத்திலிருந்தோ சேமிப்பிலிருந்தோ அதை ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கடனைச் சுருக்குவது. கூடம், தண்ணீர், கழிவுநீர், குளியலறைகள் ஆகியவற்றை மட்டும் முதலில் சரிசெய்து 10 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டால், இதே வரவில் ஆண்டுக்குச் சுமார் 1,28,000 ரூபாய் மிஞ்சும். நீச்சல் குளத்தைப் பின்னர், லாபத்திலிருந்து கட்டலாம். இரண்டாவது, வார நாள்களை நிரப்புவது. வார நாள் இரவுகள் 26இலிருந்து 52 ஆனால், கூடுதல் வரவு 3,12,000 ரூபாய். சலவையும் கட்டணமும் போகச் சுமார் 2,00,000 கையில் சேரும். 20 லட்சம் கடனோடும் ஆண்டுக்கு 1,26,000 ரூபாய் அளவுக்கு மிச்சமாகும். வார இறுதிக்கு விளம்பரம் இல்லாமலும் ஆள் வருவார்கள். உங்கள் விளம்பரச் செலவும் சலுகைகளும் செவ்வாய், புதன் இரவுகளைக் குறிவைக்கட்டும். பணி ஓய்வு பெற்றோரின் சந்திப்புகளுக்கு வார நாளும் வார இறுதியும் ஒன்றே. பல நிறுவனங்கள் தம் ஊழியர் கூட்டங்களை வார நாள்களிலேயே வைக்கின்றன.

மேற்கண்ட கணக்கில் வருமான வரி சேர்க்கப்படவில்லை. சில மாநிலங்கள் நீங்கலாக, சேவை வழங்குவோரின் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும். ஒரு நாளைக்கு ஓர் அலகின் வாடகை 7,500 ரூபாய் வரை எனில் 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடும், அதற்கு மேல் 18 விழுக்காடும் வரி உண்டு. பதிவு பெறாதவரின் வீட்டை இணையத்தளம் வழியே முன்பதிவு செய்தால், அத்தளமே வரியைச் செலுத்தும். முழு வீட்டையும் ஒரே அலகாக விடும்போது எந்த வரிவிகிதம் பொருந்தும் என்பதைக் கணக்காயரிடம் கேட்டு, வாடகையை அறிவிக்கும் முன்பே தெளிவு பெறுங்கள்.

கடன் வேண்டுவோருக்கும் வழிகள் உண்டு. 2025-26ஆம் ஆண்டுக்கான ஒன்றிய நிதிநிலை அறிக்கை, ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவித்தது. முத்ரா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரையிலும், முந்தைய 'தருண்' கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரையிலும் கடன் பெற வழியிருக்கிறது. ஏற்கெனவே வீட்டுக்கடன் நிலுவையில் உள்ள வீட்டை வாடகைத் தொழிலுக்கு மாற்றுவதானால், கடன் கொடுத்த வங்கிக்கு அதைத் தெரிவிப்பது முறை. வீட்டுக்கான சாதாரணக் காப்பீடு விருந்தினருக்கு நேரும் விபத்தை ஏற்குமா என்று கேளுங்கள். இல்லையெனில் பொதுப் பொறுப்புக் காப்பீட்டைத் தனியே எடுங்கள்.

ஆகவே, ஒரு குறிப்பேட்டை எடுத்து மூன்று வரிகளை எழுதுங்கள். உங்கள் கூடத்தில் எத்தனை பேர் சேர்ந்து உண்ண முடியும்? ஆண்டின் 365 இரவுகளில் எத்தனை இரவுகள் வீடு காலியாக இருக்கும்? அந்தக் காலி இரவுகளோடும் தவணையைக் கட்ட முடியுமா? மூன்றுக்கும் துணிவான விடை கிடைத்தபின் கிளை மேலாளரைச் சந்தியுங்கள். விடை கிடைக்கவில்லையெனில் வீடு இன்னும் ஓராண்டு பூட்டியே இருக்கட்டும். வரும் பொங்கலுக்கு உங்கள் குடும்பத்தார் அனைவரையும் அங்கே அழைத்து, இரண்டு இரவுகள் தங்கச் செய்து பாருங்கள். எங்கே தண்ணீர் தீர்ந்தது, யாருக்குப் படுக்க இடமில்லை, எல்லாரும் எந்த மூலையில் கூடி உட்கார்ந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதலில் செய்ய வேண்டிய வேலைகள் எவை என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.